முதலில் எரியும் மருந்தும் முதலில் மினுக்கும் களிம்பும்

"அண்ணே, பருவுக்கு நல்ல க்ரீமா ஒண்ணு குடுங்க."

மெடிக்கல் ஷாப்பில் இப்படிக் கேட்டால் பல இடங்களில் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சீட்டு எங்கே என்று கேட்பதில்லை, வயதைக் கேட்பதில்லை. கைக்கு வரும் சின்ன டியூபைத் தடவினால் நாலே நாளில் சிவப்பு வடிந்து முகம் பளிச்சென்று ஆகிவிடும். அதே பருவோடு தோல் டாக்டரிடம் போனவரின் அனுபவம் வேறு. அவர் எழுதிக் கொடுத்த ஜெல்லைத் தடவிய முதல் வாரமே கன்னம் எரிகிறது, மூக்கோரம் உரிகிறது, இதுவரை இல்லாத இடத்தில்கூடப் பரு எட்டிப் பார்க்கிறது. இவர்களில் சரியான மருந்தில் இருப்பவர் பெரும்பாலும் எரிச்சலோடு இருப்பவர்தான்.

பரு சிகிச்சையில் வரும் சேதம் பல நேரம் இந்தத் தலைகீழ்க் கணக்கில் தொடங்குகிறது. நல்ல மருந்தைப் பயந்து நிறுத்துகிறோம், கெட்டதை நம்பித் தொடர்கிறோம். எது எதிர்பார்க்க வேண்டிய தொந்தரவு, எது ஆபத்து என்று யாரும் முன்கூட்டியே சொல்லாததுதான் காரணம். அப்படிச் சொல்வது டாக்டர் மனம் வைத்துச் செய்யும் உபகாரம் அல்ல; நோயாளிக்கு உரியது.

அந்த நாலு நாள் அதிசயத்திலிருந்தே தொடங்கலாம். டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை அமுக்கும்; அதனால்தான் சிவப்பு சட்டென்று மறைகிறது. வாரக் கணக்கில், மாதக் கணக்கில் தடவும்போது தோல் மெலிகிறது. கன்னத்தில் நூல் நூலாக ரத்தக் குழாய்கள் தெரிகின்றன, முகத்தில் ரோமம் வளர்கிறது, எந்தப் பருவுக்காக வாங்கினோமோ அதே பரு கொத்தாகத் திரும்பி வருகிறது. நிறுத்தினால் முகம் கனன்று சிவக்கிறது. மறுபடி தடவினால் அடங்குகிறது. இப்படித்தான் முகம் களிம்புக்கு அடிமையாகிறது. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கலவை க்ரீம்களும் இதே வழியில்தான் வீட்டுக்குள் வருகின்றன. மங்குக்குக் குறுகிய காலம், டாக்டர் கண்காணிப்பில் தடவ வேண்டியதை "ஃபேர்னெஸ் க்ரீம்" என்று அக்கா தங்கைகள் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இது அங்கொன்றும் இங்கொன்றும் நடப்பது அல்ல. இந்தியாவின் 12 மையங்களில் தோல் நோய்ப் பிரிவுக்கு வந்தவர்களைக் கவனித்து 2011-ல் வெளியான ஆய்வில், 2926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைச் சொன்னவர் டாக்டரே அல்ல. 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அந்த அட்டவணையில் உள்ள மருந்தைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சட்டம் இருக்கிறது, கவுண்டர் பழக்கம் இன்னும் அதற்கு வந்து சேரவில்லை.

இதைப் படித்ததும் டியூபைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பல மாதம் தடவியவர் திடீரென்று நிறுத்தினால் முகம் மோசமாகக் கனலலாம். டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே செலவும் இல்லை. எத்தனை நாளாகத் தடவினீர்கள் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

எரிச்சலைத் தாங்கும் முறை

இனி, உண்மையான மருந்து. அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்றவை ரெட்டினாய்டு வகை. தோல் துவாரங்கள் அடைபடாமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை. தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரம் உலர்வும் உரிதலும் எரிச்சலும் வருவது வழக்கம். உள்ளே உருவாகிக்கொண்டிருந்த பரு வெளியே வந்து சற்று அதிகமானது போலவும் தோன்றலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆரம்பிக்கிற மருந்து இது அல்ல.

எரிச்சலில் பெரும்பகுதி, தடவும் முறையால் வருவது. முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதில் பயனில்லை. இனி வரப்போகும் பருவைத் தடுக்கத்தான் இந்த மருந்து. இரவில் முகம் கழுவித் துடைத்து, ஈரம் முழுதும் போன பிறகு தடவ வேண்டும். ஈரத் தோலில் எரிச்சல் கூடும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் இவற்றை விட்டுவிடலாம். முதல் இரண்டு மூன்று வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தடவி, தோல் பழகிய பின் தினமும் என்று போகலாம். அப்படியும் தாங்கவில்லை என்றால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் மருந்து, மறுபடி மாய்ஸ்சரைசர் என்று போடலாம். டாக்டர்களே சொல்லும் வழிதான். தோல் வெடித்து நீர் கசிந்தாலோ, கண்ணிமை வீங்கினாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அது பழகும் எரிச்சல் இல்லை.

பென்சாயில் பெராக்சைடு எழுதியிருந்தால் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நிச்சயம்: அது துணியை வெளுக்கும். கலர் துண்டு, தலையணை உறை, புருவம் வரை நிறம் போகும். வெள்ளைத் துண்டும் வெள்ளை உறையும் போதும், பிரச்சினை முடிந்தது.

சிகிச்சைக் காலத்தில் முகத்துக்குத் தேவையானவை மூன்று: மென்மையான ஃபேஸ் வாஷ் நாளுக்கு இரண்டு முறை, எண்ணெய்ப் பிசுக்கில்லாத மாய்ஸ்சரைசர், பகலில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். "முகமே எண்ணெய் வடியுது, இதுல க்ரீம் வேறயா?" என்று மாய்ஸ்சரைசரைத் தவிர்ப்பவர்கள்தான் மூன்றாவது வாரத்தில் மருந்தையே விட்டுவிடுகிறார்கள். விலை அதிகமான பெட்டிகள் தேவையில்லை. உதட்டுக்கு வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியைவிட மேலான பொருள் பெரிதாக ஒன்றும் இல்லை.

நம் வீடுகளில் மருந்தைவிட அதிகம் எரிச்சல் தருவது அதோடு சேரும் கைவைத்தியம். ரெட்டினாய்டு தடவும் முகத்தில் எலுமிச்சைச் சாறு கூடவே கூடாது. முல்தானி மெட்டி, கடலை மாவு தேய்ப்பு, பற்பசைப் பூச்சு, ஆவி பிடிப்பது எல்லாவற்றையும் சில மாதம் ஒத்திவையுங்கள். பாட்டி கோபித்துக்கொள்ளக்கூடும். அவர் தலைக்கு வைத்துவிடும் தேங்காய் எண்ணெயும் நெற்றிப் பருவுக்கு ஒரு காரணம். குளிப்பதற்கு முன் வைத்து அலசிவிடுவது என்று சமாதானம் பேசலாம். பார்லரில் ப்ளீச், ஃபேஷியல் என்று உட்காரும் முன் என்ன மருந்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வேக்ஸிங் செய்தால் மெலிந்த தோல் அப்படியே உரிந்து வரும்.

மாத்திரையாக டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் மூன்று விஷயம் நினைவில் இருக்கட்டும். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. பருவுக்கு ஆன்டிபயாட்டிக்கை மூன்று நான்கு மாதத்துக்கு மேல் இழுப்பது நல்லதல்ல. கிளிண்டாமைசின் ஜெல்லைத் தனியாகத் தடவிக்கொண்டே இருப்பதும் அப்படித்தான், கிருமி பழகிவிடும். ஒரே சீட்டை ஒரு வருஷமாகக் காட்டி மாத்திரை வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது

தழும்பு விழும் கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. வேறு எதற்கும் அடங்காத பருவை அடக்கக்கூடியது. உதடு காயாதவர் இந்த மாத்திரையில் அரிது. கண் உலர்வு, மூக்கில் லேசாக ரத்தம், மூட்டு வலி, கான்டாக்ட் லென்ஸ் உறுத்தல், இரவில் பார்வை மங்கல் ஆகியவையும் வரலாம். இரவில் பைக் ஓட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு ஓட்டட்டும். கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். ஈரலுக்கும் ட்ரைகிளிசரைடுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. வைட்டமின் ஏ மாத்திரை கூடாது. டாக்ஸிசைக்ளினோடு சேரவே கூடாது, மூளையைச் சுற்றி அழுத்தம் ஏறக்கூடும். கடும் தலைவலியும் வாந்தியும் பார்வைக் குழப்பமும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. தாங்க முடியாத வயிற்று வலிக்கும் அப்படியே. வேக்ஸிங், மாத்திரை நிறுத்தி ஆறு மாதம் வரை வேண்டாம்.

மனநிலை பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. மருந்துக்கும் மனச்சோர்வுக்கும் நேர்த் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனாலும் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று ஆனால் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்த நேரமும் எடுக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து கர்ப்பம். இந்த மாத்திரையின்போது கரு உண்டானால் குழந்தையின் மூளை, இதயம், முகம், காது கடுமையாகப் பாதிக்கப்படலாம். மாத்திரை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்தி ஒரு மாதம் வரை கருத்தரிக்கவே கூடாது. மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் வரையும் ஆண் பெண் யாரும் ரத்த தானமும் செய்யக் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகக்கூடும். அமெரிக்காவில் 2006 முதல் ஐபிளெட்ஜ் என்ற பதிவு முறை இருக்கிறது; கர்ப்பம் இல்லை என்ற பரிசோதனை பதிவானால்தான் கருத்தரிக்கக்கூடிய பெண்ணுக்கு மருந்துக் கடை மாத்திரை கொடுக்கும். நம் ஊரில் அப்படி ஒன்று இல்லை. டாக்டருக்கும் நோயாளிக்கும் நடக்கும் பேச்சுதான் ஒரே காவல்.

அந்தப் பேச்சு நடக்கும் இடத்தைப் பாருங்கள். இருபது வயதுப் பெண், பக்கத்தில் அம்மா, கதவு பாதி திறந்திருக்கிறது, வெளியே அடுத்த டோக்கன். கல்யாணமாகாத பெண்ணிடம் கருத்தடை பற்றிக் கேட்கத் தயங்கி டாக்டர் விட்டுவிடுகிறார். பெண்ணும் வாய் திறப்பதில்லை. தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சொன்னதை ரகசியமாக வைப்பது டாக்டரின் கடமை. நாள் தள்ளிப்போனால் மாத்திரையை அன்றே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருக்கலைப்புச் சட்டம் தரும் உரிமையில் கல்யாணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது.

கேட்டு வாங்க வேண்டியவை

மருந்தின் பெயர் புரியவில்லை என்றால் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். வேதிப் பெயரை, முடிந்தால் பெரிய எழுத்தில், படிக்கும்படி எழுத வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி. சில கிளினிக்குகளில் லேபிள் இல்லாத டப்பாவில் "நம்ம க்ரீம்" என்று கொடுக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதித் தராத க்ரீமை வாங்காதீர்கள். என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்பதைச் சொன்ன பிறகு பெறும் சம்மதமே சம்மதம் என்பதை 2008-ல் சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

பக்க விளைவு வந்தால் அதை நீங்களே புகாரளிக்கலாம், டாக்டர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. 2010-ல் தொடங்கிய மருந்து விழிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் கிடைக்கிறது. சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்கும் கடையைப் பற்றி மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுதலாம்; மருத்துவரின் நடத்தை பற்றி என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில்.

இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். காசு கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே தீர்ப்பாகிவிட்டது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் செய்யும் மருத்துவமனைக்கு இது பொருந்தாது. பாதிப்பு ஏற்பட்டு இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. வழிகாட்டுதலுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் ஒன்று: முன்பே சொல்லப்பட்ட உரிதலுக்கும் எரிச்சலுக்கும் இழப்பீடு கிடைக்காது. சொல்லாமல் விட்டது, தவறான மருந்து, கண்காணிக்காதது இவற்றைத்தான் நிரூபிக்க வேண்டும். அதற்குக் கையில் இருக்க வேண்டியவை சீட்டு, பேட்ச் எண்ணோடு கூடிய பில், காலி டியூப், தேதியோடு எடுத்த முகப் படங்கள். பில் வேண்டாம் என்றால் பத்து ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால், அந்தப் பத்து ரூபாயை அவரிடமே விட்டுவிட்டு பில்லை வாங்கிக்கொள்ளுங்கள்.