இடிந்து விழுந்த கூரை, பதவி இழந்த பிரதமர்: செர்பியாவின் ஓராண்டு மாணவர் போராட்டத்தில் நடந்தது என்ன?

2024 நவம்பர் 1, வெள்ளிக்கிழமை. காலை 11.52 மணி. செர்பியாவின் இரண்டாவது பெரிய நகரமான நோவி சாத்தின் ரயில் நிலைய வாசலில் இருந்த கான்கிரீட் முகப்புக் கூரை அப்படியே பெயர்ந்து கீழே விழுந்தது. அதன் நிழலில் உட்கார்ந்திருந்தவர்களும் நடந்து போனவர்களும் நசுங்கினார்கள். 14 பேர் அன்றே இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. மருத்துவமனையில் இருந்தவர்களில் இன்னும் இரண்டு பேர் பின்னர் இறக்க, எண்ணிக்கை 16 ஆனது.

விபத்துதானே, எந்த நாட்டில் நடக்கவில்லை என்று தோன்றலாம். ஆனால் அடுத்த ஒரு வருடத்தில் பிரதமர் பதவி விலகினார், பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன, 66 லட்சம் பேர் வாழும் நாட்டின் தலைநகரில் ஒரே நாளில் சுமார் 3 லட்சம் பேர் கூடினார்கள். இத்தனைக்கும் முன்னால் நின்றது எந்தக் கட்சியும் இல்லை. கல்லூரிப் பசங்க.

கூரை விழுந்ததற்கு ஏன் இவ்வளவு கோபம்?

அந்த ரயில் நிலையம் 1964-இல் கட்டப்பட்டது. பெல்கிரேட் நகரையும் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டையும் இணைக்கும் அதிவேக ரயில் திட்டத்துக்காக, சீன நிறுவனங்களின் கூட்டமைப்பு அதைப் புதுப்பித்தது. 2022 மார்ச்சில், பொதுத்தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, அதிபர் அலெக்சாந்தர் வுச்சிச்சும் ஹங்கேரி பிரதமர் விக்டர் ஓர்பனும் புது ரயிலில் வந்து இறங்கி கேமராவுக்குக் கையசைத்தார்கள். அதன் பிறகு வேலைக்காக மீண்டும் மூடப்பட்டு, 2024 ஜூலையில் நிலையம் திறந்தது. நான்கே மாதத்தில் கூரை கீழே.

"அந்தக் கூரையை நாங்கள் தொடவே இல்லை, அது புதுப்பிப்பு வேலையில் சேராது" என்பது அரசுத் தரப்பின் முதல் பதில். இங்கேதான் மக்களுக்குப் பொறுமை போனது. கூரையைத் தொட்டீர்களோ இல்லையோ, கீழே நிற்கிறவர்கள் பத்திரமாக இருப்பார்கள் என்று கையெழுத்துப் போட்டது யார்? ஒப்பந்தம் என்ன, துணை ஒப்பந்தங்கள் யாருக்குப் போயின, பணம் எவ்வளவு? திட்டத்தின் பல ஆவணங்கள் ரகசியம் என்று வைக்கப்பட்டிருந்தன. "ஊழல் கொல்லும்" என்ற வாசகமும், ரத்தச் சிவப்பில் பதித்த கைரேகையும் சுவர்களில் வர ஆரம்பித்தன. உங்கள் கைகளில் ரத்தம் இருக்கிறது என்று அர்த்தம்.

கட்டுமானத் துறை அமைச்சர் கோரான் வேசிச் சில நாட்களில் பதவி விலகினார். கைதாகி, சில நாட்களிலேயே வெளியே வந்தார். டிசம்பர் கடைசியில் அவர் உட்பட 13 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது.

மாணவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள்?

நவம்பர் 22. பெல்கிரேட் நாடகக் கலைக் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் கல்லூரி வாசலில் சாலையில் இறங்கி மௌனமாக நின்றார்கள். இறந்தவர்களுக்காக, ஆளுக்கு ஒரு நிமிடம். கோஷம்கூட இல்லை. அப்போது ஒரு கும்பல் வந்து அவர்களை அடித்தது. அடித்தவர்களில் ஆளும் செர்பிய முற்போக்குக் கட்சியைச் சேர்ந்தவர்களும் இருந்தது பின்னால் தெரிந்தது.

மூன்றே நாளில் மாணவர்கள் கல்லூரியை முற்றுகையிட்டார்கள். உள்ளேயே தூக்கம், உள்ளேயே சாப்பாடு. டிசம்பருக்குள் நாடு முழுக்கப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதே வழிக்கு வந்துவிட்டன. கோரிக்கைகள் நான்குதான்: ரயில் நிலைய ஆவணங்கள் முழுவதையும் வெளியிட வேண்டும். மாணவர்களைத் தாக்கியவர்கள் மீது வழக்கு வேண்டும். போராடியதற்காகக் கைதானவர்கள் மீதான வழக்குகளை விட வேண்டும். உயர்கல்விக்கான நிதியை 20 சதவீதம் கூட்ட வேண்டும்.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். "அதிபர் பதவி விலக வேண்டும்" என்பது இதில் இல்லை. அரசு அலுவலகங்கள் தங்கள் வேலையைச் சட்டப்படி செய்யட்டும், அதிபரிடம் எங்களுக்குப் பேச ஒன்றுமில்லை, இதெல்லாம் அவருடைய அதிகாரத்திலேயே வராது என்றார்கள். அரசியலமைப்புப்படி அது சரியும்கூட. ஆனால் எல்லாமே தன் மேஜைக்கு வந்துதான் போக வேண்டும் என்று பழகிப்போன ஒருவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது.

டிசம்பரில் அரசு ஆவணங்களைப் பதிவேற்ற ஆரம்பித்தது. எல்லாம் வந்துவிட்டது என்றும் அறிவித்தது. பெல்கிரேட் பல்கலைக்கழகத்தின் சிவில் இன்ஜினியரிங் கல்லூரியினர் உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட்டு, முக்கியமானவை இன்னும் வரவில்லை என்றார்கள்.

யார் இந்த வுச்சிச்?

யூகோஸ்லாவியா உடைந்த காலத்து வலுவான தலைவர் ஸ்லோபோதான் மிலோஷெவிச்சின் ஆட்சியில், 1998-இல், செய்தித்துறை அமைச்சராக இருந்தவர். பத்திரிகைகளுக்குக் கடும் அபராதம் போடும் சட்டம் அப்போது வந்தது. 2000 அக்டோபரில் மக்கள் போராட்டத்தில் மிலோஷெவிச் வீழ்ந்தார். பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டும் என்ற புது முகத்தோடு திரும்பி வந்தார் வுச்சிச். அவர் கட்சி 2012-இல் ஆட்சியைப் பிடித்தது. 2014-இல் பிரதமர், 2017-இல் அதிபர், 2022-இல் மீண்டும் அதிபர். பெரும்பாலான டி.வி. சேனல்களில் தினமும் அவர் முகம்தான்.

தலைவரே இல்லாத போராட்டம்

இந்த ஓராண்டில் உலகம் அதிகம் கவனித்தது 'பிளேனம்' என்கிற விஷயத்தைத்தான். ஒரு கல்லூரியின் மாணவர்கள் எல்லாரும் ஒரே ஹாலில் கூடுவார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாம், கை தூக்கி ஓட்டு. கூட்டத்தை நடத்துபவர் மாறிக்கொண்டே இருப்பார். மீடியாவிடம் பேசுகிறவரும் அப்படித்தான், இன்று டி.வி.யில் வந்த முகம் அடுத்த வாரம் வராது. சமையல், பாதுகாப்பு, சட்டம், சோஷியல் மீடியா என்று தனித்தனிக் குழுக்கள். 2009-இல் குரோஷியத் தலைநகர் ஸாக்ரெபில் கட்டணமில்லாக் கல்விக்காகக் கல்லூரியை முற்றுகையிட்ட மாணவர்கள், எப்படிச் செய்வது என்று 'முற்றுகை சமையல் குறிப்பு' என்ற பெயரில் ஒரு கையேடே எழுதி வைத்திருந்தார்கள். அந்த முறைதான் இங்கே கைகொடுத்தது.

ஆபீஸில் பத்து பேர் சேர்ந்து லன்ச் எங்கே என்று முடிவு செய்வதே எவ்வளவு கஷ்டம் என்று யோசித்தால், பிளேனத்தில் ஒரு முடிவு எடுக்க ஏன் ராத்திரி இரண்டு மணி ஆனது என்பது புரியும். மெதுவான வழிதான். ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது. தலைவர் இல்லையென்றால் யாரை விலைக்கு வாங்குவது, யாரைக் கைது செய்வது? "வெளிநாட்டுக் கைக்கூலி" என்று யார் படத்தை முதல் பக்கத்தில் போடுவது?

எதிர்க்கட்சிகளையும் மாணவர்கள் பக்கத்தில் சேர்க்கவில்லை. பேரணிகளில் கட்சிக் கொடி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியக் கொடியும் அரிதுதான். செர்பியக் கொடி மட்டும் பறந்தது.

2025 ஜனவரி 28 அதிகாலை, நோவி சாத்தில் ஆளுங்கட்சி அலுவலகம் அருகே ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்த மாணவர்களை, உள்ளேயிருந்து வந்தவர்கள் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். ஒரு மாணவியின் தாடையில் பலத்த காயம் ஏற்பட்டது. அன்றே பிரதமர் மிலோஷ் வுச்செவிச் ராஜினாமாவை அறிவித்தார். நகர மேயரும் விலகினார். (இந்தத் தாக்குதல் வழக்கில் சிக்கியவர்களுக்கு ஜூலை மாதம் அதிபர் வுச்சிச் மன்னிப்பு கொடுத்தார். "நீதி வேண்டும்" என்று கேட்டவர்களுக்கு வந்த பதில் அது.)

நடந்தார்கள், ஓடினார்கள், சைக்கிள் மிதித்தார்கள்

டி.வி. நம் பக்கம் இல்லை, கிராமத்தில் இருப்பவர்களுக்கு நாம் யாரென்றே தெரியாது. என்ன செய்வது? நடந்து போய்ப் பார்ப்பது! ஜனவரி கடைசியில் பெல்கிரேட் மாணவர்கள் குளிரில் இரண்டு நாள், சுமார் 80 கிலோமீட்டர் நடந்து நோவி சாத் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் ஊர்க்காரர்கள் சாப்பாடும் டீயும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிப்ரவரி 1-இல் அங்கே டன்யூப் ஆற்றின் பாலங்கள் மறிக்கப்பட்டன. திரும்பி வர நூற்றுக்கணக்கான டாக்சி டிரைவர்கள் பெல்கிரேடிலிருந்து காலி வண்டியோடு வந்து மாணவர்களை ஏற்றிப் போனார்கள், காசு வாங்காமல். இந்த வருடத்தின் காட்சி ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அந்த டாக்சி வரிசையைச் சொல்லலாம்.

பிறகு கிராகுயேவாட்ஸ், நிஷ் என்று ஊர் ஊராகப் பேரணிகள். ஏப்ரலில் சுமார் 80 மாணவர்கள் சைக்கிளிலேயே பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் போனார்கள். அடுத்து ஒரு குழு மாறி மாறி ஓடி பிரஸ்ஸல்ஸ் போய்ச் சேர்ந்தது. எங்கள் நாட்டில் என்ன நடக்கிறது என்று ஐரோப்பா பார்க்கட்டும் என்பதற்காக.

இதில் பலர் கவனிக்காமல் விட்ட இடம் நோவி பசார். போஸ்னியாக் முஸ்லிம்கள் அதிகமாக வாழும் தென்மேற்கு நகரம். 1990-களின் போர்களுக்குப் பிறகு அவர்களுக்கும் மற்ற செர்பியர்களுக்கும் நடுவில் சந்தேகம் போகவே இல்லை. அந்த ஊர் மாணவர்கள் போராட்டத்தில் சேர்ந்தார்கள். ஹிஜாப் அணிந்த மாணவிகளும் சிலுவை அணிந்த மாணவர்களும் ஒரே கூட்டத்தில் நின்றார்கள். நாங்களும் இந்த நாட்டுக்காரர்கள் என்று முதல் முறையாகத் தோன்றுகிறது என அங்கிருந்து வந்த மாணவர்கள் பேசினார்கள். ஆவணம் கேட்டு ஆரம்பித்த போராட்டத்தில் இதை யாரும் திட்டமிட்டிருக்க வாய்ப்பில்லை.

டென்னிஸ் நட்சத்திரம் நோவாக் ஜோகோவிச் டிசம்பரிலேயே மாணவர்களுக்கு ஆதரவு தெரிவித்திருந்தார். அதனால் அரசு ஆதரவுப் பத்திரிகைகள் அவரையும் விட்டு வைக்கவில்லை.

மார்ச் 15: அந்தச் சத்தம்

பெல்கிரேடில் அன்று கூடிய கூட்டம், செர்பிய வரலாற்றிலேயே பெரியவற்றில் ஒன்று. கூட்டங்களைக் கணக்கெடுக்கும் தன்னார்வ அமைப்பு 2.75 லட்சம் முதல் 3.25 லட்சம் என்றது. போலீஸ் கணக்கு 1.07 லட்சம். மாலையில் 15 நிமிட மௌனத்தின் நடுவில் திடீரென ஏதோ ஒன்று தங்களை நோக்கிப் பாய்ந்து வருவது போன்ற சத்தம் கேட்டதாக மக்கள் சொன்னார்கள். சில நொடிகளில் கூட்டம் இரண்டாகப் பிளந்து சாலையின் இரு பக்கமும் ஓடியது வீடியோக்களில் தெரிகிறது.

ஒலி ஆயுதத்தை அரசு பயன்படுத்தியதா? இல்லவே இல்லை என்றது அரசு. அப்படிப்பட்ட கருவி போலீஸிடமே இல்லை என்ற பேச்சு, சில நாட்களில் "இருக்கிறது, ஆனால் பயன்படுத்தவில்லை" என்று மாறியது. ரஷ்ய உளவு அமைப்பை அழைத்து ஆராயச் சொன்னார்கள். பயன்படுத்தவில்லை என்று அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். கேட்டவர்கள் நம்பினார்களா என்பது வேறு விஷயம்.

எழுத்துப் பிழையில் பிறந்த ஊர்

போராட்டத்தின் சிரிப்புப் பக்கமும் உண்டு. நோவி சாத்தில் ஒரு பள்ளிச் சுவரில் "மாணவர்களே, பள்ளிக்குப் போங்கள்" என்று யாரோ எழுதினார்கள். ஆனால் 'ஜாட்ஸி' என்று வர வேண்டிய முதல் எழுத்து தப்பாகி, அர்த்தமே இல்லாத 'சாட்ஸி' ஆகிவிட்டது. நம்மூரில் 'பள்ளி'க்குப் பதில் 'பல்லி' என்று எழுதியது போல. அவ்வளவுதான்! அரசு ஆதரவாளர்கள் எல்லாருக்கும் 'சாட்ஸி' என்பதே பெயராகிவிட்டது. மார்ச்சில், "எங்களுக்குப் படிக்க வேண்டும்" என்று சொல்லும் மாணவர்களின் முகாம் என்று நாடாளுமன்றம் எதிரே பூங்காவில் கூடாரங்கள் முளைத்தபோது, மக்கள் அதற்கு வைத்த பெயர் 'சாட்ஸிலேண்ட்'.

சிரிக்க முடியாத பக்கம் சம்பளம். வேலைநிறுத்தம் செய்த பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் வெட்டப்பட்டது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கு இன்னும் நுணுக்கமான வழி: வாரம் 40 மணி நேரத்தில் பாடம் நடத்துவதற்கு 35, ஆராய்ச்சிக்கு 5 என்று மார்ச்சில் விதியை மாற்றினார்கள். அதற்கு முன் 20:20. கல்லூரியில் பாடம் நடக்கவில்லை, ஆகவே ஆராய்ச்சிக்கான பங்கு மட்டும். கையில் வந்தது எட்டில் ஒரு பங்கு. மக்கள் ஆன்லைனில் பணம் திரட்டி ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள்.

ஐரோப்பா ஏன் அமைதியாக இருந்தது?

2024 ஜூலையில்தான் செர்பியாவின் லித்தியத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் ஒப்பந்தம் போட்டிருந்தது. மின்சார கார் பேட்டரிக்கு அது வேண்டும். வுச்சிச் ரஷ்யாவோடும் சீனாவோடும் கைகுலுக்குவார், அதே நேரம் பிரஸ்ஸல்ஸுக்கும் வேண்டியவர். அதனால் கண்டனங்கள் மெல்லிய குரலில்தான் வந்தன. இதெல்லாம் மேற்கு நாடுகள் தூண்டும் 'வண்ணப் புரட்சி' என்று வுச்சிச் சொல்லிக்கொண்டிருந்தார். மேற்கு நாடுகளோ வாயைத் திறக்காமல் இருந்தன.

கோடையில் கசந்தது

ஏப்ரலில் மருத்துவப் பேராசிரியர் ஜுரோ மாட்சுட் தலைமையில் புது அமைச்சரவை வந்தது. எதுவும் மாறவில்லை. மே மாதம் மாணவர்கள் முதல் முறையாகத் தேர்தலைக் கேட்டார்கள். ஜூன் 28 பேரணிக்குப் பிறகு போலீஸோடு மோதல், கைதுகள். ஆகஸ்ட்டில் பல ஊர்களில் ஆளுங்கட்சி ஆட்களும் போராட்டக்காரர்களும் நேருக்கு நேர் மோதினார்கள். வால்யெவோ நகரில் ஆளுங்கட்சி அலுவலகம் தீக்கிரையானது. மௌனமே ஆயுதம் என்று ஆரம்பித்த போராட்டத்துக்கு இது நல்ல காலம் இல்லை. அரசுக்கும் "பாருங்கள், வன்முறையாளர்கள்" என்று காட்டப் படம் கிடைத்தது.

2025 அக்டோபர் 31 அன்று, தான் முன்பு பேசிய சில வார்த்தைகளுக்காக வுச்சிச் டி.வி.யில் மன்னிப்புக் கேட்டார். அடுத்த நாள் நோவி சாத்தில் பல்லாயிரம் பேர் 16 நிமிடம் மௌனமாக நின்றார்கள். நோவி பசார் மாணவர்கள் 16 நாள் நடந்து வந்திருந்தார்கள். அதுவரை ஒருவர்கூட நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை.

2027-இல் வர வேண்டிய தேர்தல் 2026-லேயே நடக்கலாம் என்று 2025-இல் வுச்சிச் சொல்லி வந்தார். மாணவர்கள் தாங்கள் நிற்கப் போவதில்லை, தாங்கள் நம்பும் ஆட்களின் பட்டியலை நிறுத்துவோம் என்றார்கள். பெயர்களை வெளியிட்டால் மறுநாளே அவர்கள் மீது சேறு விழும் என்பதால், அந்தப் பட்டியல் அப்போது வெளியே வரவில்லை.

நவம்பர் 2 அன்று, கூரை விழுந்து மகனை இழந்த ஒரு தாய், நீதி கேட்டு நாடாளுமன்றம் அருகே உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கொஞ்ச தூரத்திலேயே சாட்ஸிலேண்ட். நடுவில் போலீஸ் வரிசை நின்றது.