வரியின் மறுபாதி

1887இல் பாரிஸில், 68 வயதான ஓய்வுபெற்ற ஜவுளி வியாபாரி ஒருவர் புது மூக்குக்கண்ணாடி வேண்டும் என்று எட்மண்ட் லாண்டோல்ட் என்ற கண்மருத்துவரிடம் போனார். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று படிப்பு வரவில்லை. கண்ணாடிதான் சரியில்லை என்பது அவர் முடிவு. லாண்டோல்ட் சோதித்ததில் பார்வைக் கூர்மை சரியாகவே இருந்தது. எழுதச் சொன்னால் தடையில்லாமல் எழுதினார். எழுதியதைப் படிக்கச் சொன்னால் விழித்தார். எண்கள் தெரிந்தன, கணக்கும் வந்தது. எழுத்தும் இசைக்குறிப்பும் மட்டும் கைவிட்டுப் போயிருந்தன. ரோமன் எழுத்தான இஸட்டைப் பாம்பு போலிருக்கிறது என்றார். விரலால் எழுத்தின் வடிவத்தை வரைந்து பார்த்தால் மட்டும் அதன் பெயர் வாயில் வந்தது. இரண்டு கண்களிலும் வலப்பக்கப் பார்வை பழுதாகியிருந்தது.

லாண்டோல்ட் அவரை நரம்பியல் மருத்துவர் ஜூல் தெஜரினிடம் அனுப்பினார். 1892 ஜனவரியில் அந்த மனிதர் இறந்ததும் தெஜரின் மூளையைத் திறந்து, இடப்பக்கப் பின்மூளையில் இருந்த சிதைவைக் காட்டினார். ‘திருவாளர் சி’ என்ற பெயரில் இன்றும் நரம்பியல் மாணவர்கள் அவரைப் படிக்கிறார்கள். மருத்துவம் அவரிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டது. அவருக்கோ கடைசிவரை படிப்பு திரும்பவில்லை. திரும்பப் பழக்கலாம் என்ற எண்ணமே அன்று பெரிதாக இல்லை.

2001இல் கனடாவின் டொரன்டோவில் ஹவர்டு எங்கல் என்ற துப்பறியும் நாவலாசிரியர் காலையில் செய்தித்தாளை எடுத்தார். அச்சு ஏதோ அயல்நாட்டு மொழிபோல் தெரிந்தது. பக்கவாதம். ஏறக்குறைய அதே நோய்: எழுத முடியும், படிக்க முடியாது. ஆனால் இவரை மறுவாழ்வு மருத்துவமனையில் சேர்த்துப் பழக்கினார்கள். எழுத்துகளை நாக்கால் பல்லின் பின்புறம் வரைந்து வரைந்து படிக்கும் வழியையும் அவர் கண்டுகொண்டார். 2005இல் புது நாவல் வந்தது. அதில் அவருடைய துப்பறிவாளருக்கும் இதே கோளாறு. வேகம் முன்போல் இல்லை. எழுத்தாளர் என்ற தொழில் மட்டும் தப்பியது.

இந்த இருவருக்கும் வந்தது அரிதான வகை. பக்கவாதத்திலோ தலைக் காயத்திலோ பின்மூளை அடிபட்டவர்களில் பலருக்கு எழுத்து மறப்பதில்லை. இரு கண்களிலும் ஒரே பக்கத்துப் பாதி காணாமல் போகிறது. ஹெமியானோப்பியா என்பார்கள். கண் மருத்துவரின் எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்துவிடுவார்கள், பேப்பரைக் கொடுத்தால் இரண்டு வரியில் மடித்து வைத்துவிடுவார்கள். வீட்டில் ‘அவருக்கு இப்போ எதிலயும் மனசு ஒட்டலை’ என்று பேச்சு வரும்.

வரியைப் படிக்கும் கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஒரு நொடிக்கு நாலு முறை போலத் தாவித் தாவி நிற்கிறது. ஆங்கில வாசகர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்துகளையும், வலப்பக்கம் பதினான்கு பதினைந்து எழுத்துகளின் அடையாளத்தையும் வாங்குகிறார். அந்த வலப்பக்கம்தான் அடுத்த தாவலுக்கு வழிகாட்டி. அது இருண்டால் கண் எங்கே போவது என்று தெரியாமல் குட்டிக் குட்டியாக நகர்கிறது. எபிரேயம் படிப்பவர்களிடம் இந்த ஏற்பாடு தலைகீழாக இருப்பதை 1981இல் சோதித்துக் காட்டினார்கள். ஆம்பூரில் உருது படிக்கும் பெரியவருக்கும் இடப்பக்கம் போனால்தான் தொல்லை அதிகம் இருக்க வேண்டும்.

தமிழில் வலப்பக்கம் போவது இன்னும் பொல்லாதது என்பது என் எண்ணம். நம் சொல்லில் யார், எப்போது, ஆமா இல்லையா என்பதெல்லாம் வாலில்தான் இருக்கிறது. கொடுத்தான், கொடுத்தாள், கொடுக்கவில்லை, கொடுக்கமாட்டேன்: எல்லாவற்றுக்கும் ‘கொடு’ வரை ஒரே முகம். பாதியைப் பார்த்து மீதியை ஊகிப்பவர், கடன் வந்துவிட்டதாகவே படித்துவிடலாம். இடப்பக்கம் போனவர்களுக்கு வேறு பாடு. அடுத்த வரியின் தொடக்கம் கிடைக்காது. 1,250 ரூபாய் பில் 250 ஆகிவிடும்.

தெஜரின் காலத்து மருத்துவத்தின் அக்கறை அளப்பதில் இருந்தது. ரஷ்ய–ஜப்பானியப் போரில் தலையில் குண்டு துளைத்துப் பிழைத்த வீரர்களை வைத்து, ஜப்பானியக் கண்மருத்துவர் தட்சுஜி இனோயே பின்மூளையில் பார்வையின் வரைபடத்தையே போட்டார். அவர் வேலை, உதவித்தொகைக்காகப் பார்வை இழப்பை மதிப்பிடுவது. எவ்வளவு போயிற்று என்பதற்குத் துல்லியமான விடை கிடைத்தது. மீதியை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டவர்களில் முன்னோடி, முதல் உலகப் போர்க் காலத்தில் கொலோனில் காயம்பட்ட வீரர்களோடு வேலை செய்த வால்டர் பொப்பல்ராய்ட்டர். 1917இல் புத்தகமும் போட்டார். போர் முடிந்தது, அந்தக் கேள்வியும் பல பத்தாண்டுகள் தூங்கியது.

1970களின் பிற்பகுதியிலிருந்து மூனிக்கில் யோசப் ட்சீல் அதை மறுபடி கையில் எடுத்தார். திரையில் ஒரு சொல் சில கணம் தோன்றி மறையும். வலப்பக்கம் இழந்தவர் முதலில் சொல்லின் கடைசிக்குக் கண்ணைக் கொண்டுபோக வேண்டும். இடப்பக்கம் இழந்தவர் அதன் தலைக்கு. முழுச் சொல்லையும் பிடித்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். போகப்போக சொல் நீளும், நேரம் குறையும். வலப்பக்கம் இழந்தவர்களுக்குக் கூடுதல் அமர்வுகள் தேவைப்பட்டன.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அலெக்ஸ் லெஃப் குழு வேறு தந்திரம் செய்தது. செய்திச் சேனலின் அடியில் ஓடும் வரிபோல, பாடம் வலமிருந்து இடமாக நகரும். அதைத் தொடரும் கண் இடப்பக்கம் இழுபட்டு, தன்னிச்சையாக வலப்பக்கம் வெட்டித் திரும்பும். பழக வேண்டிய தாவல் அதுதான். ‘ரீட்-ரைட்’ என்ற பெயரில் இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். 2012இல் வெளிவந்த ஆய்வில் 33 பேர். 20 மணி நேரப் பயிற்சி முடித்தபோது வாசிப்பு வேகம் கணிசமாகக் கூடியிருந்தது.

இழந்த பார்வையையே மீட்டுத் தருவோம் என்று விற்கப்பட்ட கணினிப் பயிற்சிகளும் உண்டு. 2005இல் ட்யூபிங்கன் ஆய்வாளர்கள், கண் அசைவை லேசரால் கண்காணித்தபடி அப்படி ஒன்றைச் சோதித்தபோது இருட்டின் எல்லை நகரவில்லை. சர்ச்சை இன்னும் தீரவில்லை. காசு கேட்கும் இடத்தில் சந்தேகப்படுவது நல்லது.

செலவில்லாத வழிகளும் இருக்கின்றன. இடப்பக்கம் போனவருக்குப் பக்கத்தின் இட ஓரம் நெடுக ஒரு சிவப்புக் கோடு. அது தெரியும்வரை கண்ணைத் திருப்ப வேண்டும். வரிக்கு அடியில் ஒரு அடிக்கோல். சிலர் தாளையே பக்கவாட்டில் திருப்பி, மேலும் கீழுமாகப் படிக்கிறார்கள். பக்கவாதம் வந்தவருக்கு நம் ஊரில் கைகால் பிசியோதெரபி எழுதிக் கொடுக்கிற அளவுக்கு, ‘பேப்பர் படிக்க முடியுதா’ என்று யாரும் கேட்பதில்லை.

ரீட்-ரைட் ஓடவிட்டது ஆங்கிலப் பாடங்களை. நகரும் தமிழ் வரியை உருவாக்குவது ஒரு மென்பொருள்காரருக்குப் பெரிய வேலையில்லை. எதை ஓடவிடுவது என்பதில்தான் யோசனை வேண்டும். 20 மணி நேரம் ஒருவரை உட்காரவைக்கப் பாடப்புத்தக வாக்கியங்களால் முடியாது. என் ஓட்டு ராஜேஷ்குமார் க்ரைம் நாவலுக்கு.