பலகையில் பர்மிய உணவு, உள்ளே கரென் சமையலறை

மெல்பேர்ணின் மேற்குப் புறநகர் ஒன்றில், மருந்துக்கடைக்கும் முடிதிருத்தும் நிலையத்துக்கும் நடுவே ஒரு சிறிய உணவகம் இருக்கிறது. மொத்தம் ஏழு மேசைகள். தாய் சமைக்கிறார். தகப்பன் பகலில் தொழிற்சாலை வேலையை முடித்துவிட்டு மாலையில் வந்து கோப்பை கழுவுகிறார். 12ஆம் வகுப்புப் படிக்கும் மகள் வாடிக்கையாளரிடம் ஓடர் எடுக்கிறாள். ஆள் இல்லாத நேரத்தில் கடைசி மேசையில் இருந்து வீட்டுப்பாடம் செய்கிறாள். வெளியே பலகையில் ‘பர்மிய உணவு’ என்று எழுதியிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பாடசாலை முடிந்த கையோடு, நாம் இரண்டு குடும்பங்கள் எட்டுப் பேராக அங்கே போனோம். தண்ணீர் கொண்டுவந்து வைத்த பிள்ளையிடம், “நீங்கள் பர்மியர்தானே?” என்று கேட்டோம். 

“பர்மாவிலிருந்து வந்தோம். ஆனால் நாங்கள் கரென்” என்றாள். பிறகு, “நீங்கள் இந்தியர்களா?” என்று அவள் கேட்டாள்.

“இல்லை, இலங்கையிலிருந்து வந்தோம். ஆனால் நாங்கள் தமிழர்.”

சொல்லி முடித்த பிறகுதான் இரண்டு பதிலும் ஒரே பதில் என்பது எமக்குப் புரிந்தது. எம்மை ‘சிறிலங்கன்’ என்று யாராவது சொன்னால் முகம் சுளிக்கிற நாம், அந்தப் பிள்ளையிடம் அதையேதான் செய்திருந்தோம்.

கரென் மக்கள் யார்?

பர்மாவில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் வாழ்கின்றன. அவர்களில் பெரும்பான்மையினர் பாமர் என்ற பர்மியர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கரென், ஷான், கச்சின், சின், மொன், ரக்கைன், ரோஹிங்கியா எல்லோரும் வேறு வேறு மொழியும் வரலாறும் கொண்ட மக்கள். கரென் மக்கள் தாய்லாந்தை ஒட்டிய கிழக்கு மலைகளிலும், ஐராவதி ஆற்றின் கழிமுகத்திலும் வாழ்பவர்கள். பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அவர்களிடையே உண்டு.

பர்மா சுதந்திரம் பெற்றது 1948 ஜனவரி 4. இலங்கை பெற்றது சரியாக ஒரு மாதம் கழித்து, பெப்ரவரி 4. 1949 ஜனவரியில் கரென் மக்களின் ஆயுதப் போராட்டம் தொடங்கியது. இன்றுவரை அது முடியவில்லை. 1962இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1989இல் இராணுவ அரசு நாட்டின் பெயரை மியன்மார் என்று மாற்றியபோது, கரென் மாநிலத்தின் பெயரையும் ‘கயின்’ என்று மாற்றியது. தமது தாயகத்தைக் கரென் மக்கள் அழைப்பது ‘கோத்தூலே’ என்று.

1984 முதல் அவர்கள் பெருந்தொகையாக எல்லை தாண்டித் தாய்லாந்துக்குள் வந்தார்கள். அங்கே 9 முகாம்கள் உருவாகின. மே லா அவற்றில் மிகப் பெரியது. முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே படித்து, முகாமிலேயே திருமணம் செய்த ஒரு தலைமுறை உண்டு. 2005 அளவில் இருந்து அமெரிக்கா, அவுஸ்திரேலியா, கனடா, நோர்வே போன்ற நாடுகள் அவர்களைப் பெருமளவில் ஏற்கத் தொடங்கின. இந்த உணவகத்தின் தாயும் அப்படி வந்தவர்தான். 2021 பெப்ரவரி 1 இல் மீண்டும் இராணுவப் புரட்சி. அடுத்த மாதமே கரென் கிராமங்கள் மீது விமானக் குண்டுவீச்சு. அது எப்படி இருக்கும் என்று எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை.

என்ன சாப்பிடலாம்?

முதலில் மொஹிங்கா. பர்மாவில் இது காலைச் சாப்பாடு. கெளுத்தி மீனை எலுமிச்சைப் புல்லும் இஞ்சியும் உள்ளியும் சேர்த்து அவித்து, வறுத்த அரிசி மா அல்லது கடலை மா கரைத்துத் தடிப்பாக்கிய குழம்பு, அதில் வாழைத்தண்டு. அரிசி நூடில்ஸின் மேல் ஊற்றி, அவித்த முட்டை, பருப்புப் பொரியல், கொத்தமல்லி இலை, இடித்த செத்தல் மிளகாய் போட்டு, தேசிக்காய் பிழிந்து சாப்பிட வேண்டும். ஒரு வாய் வைத்ததும் எமது அம்மம்மா, “இது இடியப்பமும் மீன் சொதியும் மாதிரித்தான்” என்றார். அதன்பிறகு பிள்ளைகள் தயங்கவில்லை.

அடுத்தது லபெத் தோக். தேயிலையைக் குடிப்பது எமக்குத் தெரியும். பர்மாவில் அதைப் புளிக்கவைத்துச் சாப்பிடவும் செய்கிறார்கள். அந்தத் தேயிலையோடு கச்சான், எள்ளு, பொரித்த அவரை வகைகள், பொரித்த உள்ளி, கோவா, தக்காளி, கூனி இறால் எல்லாம் கலந்து தருவார்கள். கொஞ்சம் கைப்பு, கொஞ்சம் புளிப்பு, நிறைய மொறுமொறுப்பு. வீட்டுக்கு வருபவருக்கு லபெத் வைப்பது, எம் வீடுகளில் தேநீர் கொடுப்பது போன்ற மரியாதை.

சோறு சாப்பிடுவதானால் ஆளுக்கொரு கோப்பையாக ஓடர் பண்ணாதீர்கள். மூன்று நான்கு கறிகளை நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடுவதே அங்கே வழக்கம். கறியோடு புளிச்சைக் கீரையில் வைத்த புளிப்புச் சூப்பும், பச்சை மரக்கறிகளும், அவற்றைத் தொட்டுச் சாப்பிட ங்கப்பி என்ற மீன் விழுதும் வரும். எண்ணெய் மேலே மிதக்கிறதே என்று சொல்ல வேண்டாம். தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிந்தால்தான் கறி தயார் என்பது அவர்களின் கணக்கு. எங்கள் அம்மாமாரின் கணக்கும் அதுதானே.

மச்சம் சாப்பிடாதவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பார்வைக்கு மரக்கறியாகத் தெரிவதிலும் மீன் விழுதோ கூனி இறாலோ இருக்கக்கூடும். முதலிலேயே கேளுங்கள். சைவ உணவுக்குப் பர்மிய மொழியில் உள்ள சொல்லின் பொருளே ‘உயிர்க்கொலை இல்லாதது’ என்பதால், கேட்பது அவர்களுக்குப் புதிதல்ல. கடலை மாவில் செய்யும் ஷான் தோஃபு எமது வெள்ளிக்கிழமை விரதகாரருக்கு ஏற்றது.

தமிழருக்கும் பர்மாவுக்கும்

மெனுவில் ‘தோஷே’ என்று ஒன்றைக் கண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். அது எமது தோசையேதான். பிரித்தானியர் காலத்தில் தமிழகத்திலிருந்து தொழிலாளராகவும் வணிகராகவும் போனவர்கள் அங்கே விட்டுவந்த சொல். அந்த வரலாற்றில் எமக்குப் பெருமை மட்டும் இல்லை. செட்டியார்களின் கடனில் மூழ்கிய விவசாயிகளின் வயல்கள் கைமாறி, 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் காற்பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. அதனால் எழுந்த கோபத்தைச் சாதாரண தமிழ்க் கூலிகளும் சுமந்தார்கள்.

1942இல் ஜப்பானியப் படை வந்தபோது இலட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே எல்லை கடந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வழியில் இறந்தார்கள். 1960களில் இராணுவ அரசு கடைகளை அரசுடைமையாக்கியபோது மிஞ்சியவர்களில் பலர் கப்பலில் சென்னைக்கு வந்தார்கள். சென்னை பர்மா பஜாரும், அதன் அருகே இன்றும் விற்கும் ‘அத்தோ’ நூடில்ஸும் அவர்களால் வந்தவை. அங்கிருந்து மீண்டும் பர்மாவுக்குத் திரும்ப முயன்று, எல்லையில் மறிக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே நகரிலேயே தங்கிவிட்ட தமிழரும் உண்டு.

மெனுவில் இல்லாத சாப்பாடு

நாம் எழும்பப் போகும் நேரம் சமையலறையிலிருந்து ஒரு வாசம் வந்தது. மகளிடம் கேட்டோம். “அது விற்பதற்கில்லை. வீட்டுச் சாப்பாடு” என்று கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள். தலபோ என்பது அதன் பெயர். ஒரு பிடி அரிசி, மூங்கில் குருத்து, கையில் அகப்படும் கீரைகள், மிளகாய், மீன் விழுது எல்லாம் ஒரே பானையில். அரிசி குறைவாக இருக்கும்போது நிறையப் பேருக்குப் போதும்படி செய்வது. கரென் மக்களின் சாப்பாடு என்றால் அதுதான்.

எமக்கு உடனே ஒடியல் கூழ் ஞாபகம் வந்தது. நாம் அறிந்த எம்மவர் உணவகங்களில் பலவற்றின் பலகையில் ‘தென்னிந்திய உணவு’ என்றுதான் இருக்கிறது. மெனுவில் மசாலா தோசை இருக்கும், கூழ் இருக்காது. வெள்ளையர்களுக்குத் தெரிந்த பெயரைப் போட்டால்தான் ஆட்கள் வருவார்கள், வாடகை கட்டலாம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பலகையை மட்டும் வாசித்துவிட்டுப் போகிறவருக்கு நாம் யார் என்பது தெரியாமலே போய்விடுகிறது. எமது பிள்ளைகளுக்கும்தான்.

“ஏன் மெனுவில் போடவில்லை?” என்று கேட்டோம். “யாரும் கேட்பதில்லை” என்றாள். உள்ளேயிருந்து அதைக் கேட்ட தாய், நாம் சொல்லாமலே எட்டுச் சிறு கிண்ணங்களில் தலபோ கொண்டுவந்து வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். தா ப்ளு என்றால் கரென் மொழியில் நன்றி என்று மகள் சொல்லித்தந்தாள். எமது சின்னவன் அதை நாலு தரம் சொன்னான்.

இப்படியான உணவகங்களுக்குப் போகும்போது, எந்த நாடு என்று கேட்பதோடு நிறுத்தாமல், நீங்கள் எந்த மக்கள், வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்றும் கேளுங்கள். எம்மிடம் யாராவது கேட்க மாட்டார்களா என்று நாம் எதிர்பார்க்கும் கேள்வியும் அதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒடியல் மா எமது வீட்டில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வருகிற மாதம் கூழ் காய்ச்சி அந்தக் குடும்பத்துக்குக் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறோம். “மீன் போடுவீர்களா?” என்று கேட்டார் அந்தத் தாய். மீனும் நண்டும் இறாலும் போடுவோம் என்றோம்.