வீடு சிறுத்தால் வேலை சிறுக்குமா?

'சின்ன வீடு' என்றதும் சில சகோதரிகள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. பயப்பட வேண்டாம்! நான் சொல்ல வந்தது நிஜமாகவே சின்னதான வீட்டைப் பற்றி. நாலு சுவர், ஒரு கூரை, ஓர் அடுப்பு, ஏணி வைத்து ஏறிப் படுக்க மேலே ஒரு பரண். தீர்ந்தது வீடு! பல சமயம் அடியில் சக்கரம் வேறு. அமெரிக்காவில் சில பேர் ஆசை ஆசையாக, தாங்களே தேடிப் போய் இப்படிப்பட்ட வீடுகளில் குடியேறியிருக்கிறார்கள். 'டைனி ஹவுஸ்' என்று அதற்குப் பெயர். வீட்டோடு வாழ்க்கையையும் எளிமையாக்கிக் கொள்கிறோம் என்பது அவர்கள் கட்சி.

"ஒண்டுக்குடித்தனத்தில் ஒரே அறையில் ஏழு பேர் இருந்தோமே, அதை யாரும் இயக்கம் என்று சொல்லவில்லையே!" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயம்தான். வேறு வழியில்லாமல் ஒடுங்கிக் கிடப்பது ஒன்று. பெரிய வீட்டை விற்றுவிட்டு ஒடுங்கப் போவது வேறு. முதலில் அவர்கள் எதிலிருந்து தப்பி ஓடுகிறார்கள் என்று பார்க்கலாம்.

1973-ல் அமெரிக்காவில் புதிதாகக் கட்டிய தனிவீட்டின் சராசரி அளவு 1,660 சதுர அடி. 2015-ல் அது 2,687 சதுர அடி. அம்மாடி! வீடு இப்படி ஊதிக்கொண்டு போன காலத்தில், உள்ளே இருக்கும் ஆட்களோ குறைந்துகொண்டு வந்தார்கள். 1970-ல் ஒரு குடும்பத்துக்குச் சராசரி 3.14 பேர், 2015-ல் 2.54 பேர். கூடிய அறைகளுக்கெல்லாம் சோபா, கம்பளம், திரைச்சீலை. குளிர்காலத்தில் அத்தனை அறைக்கும் சூடேற்ற வேண்டும். அங்கே வீட்டுக் கடனுக்கு முப்பது வருஷத் தவணை சர்வ சாதாரணம். தவணை கட்ட இருவரும் வேலைக்குப் போய்விட்டு, சனி ஞாயிறில் அந்த வீட்டைப் பெருக்கித் துடைத்தே களைத்துப் போனால் சலிப்பு வராமல் என்ன செய்யும்? 2008-ஐ ஒட்டி, தவணை கட்ட முடியாமல் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டைப் பறிகொடுத்த பிறகு, அந்தச் சலிப்போடு பயமும் சேர்ந்துகொண்டது.

குளத்தங்கரைக் குடிசை

இந்தக் கூட்டத்தார் அடிக்கடி கும்பிடும் தெய்வம் ஹென்றி டேவிட் தோரோ. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கன்கார்டு என்ற ஊருக்குப் பக்கத்தில், வால்டன் குளத்தங்கரையில், 1845-ல் தம் கையாலேயே ஒரு குடிசை கட்டிக்கொண்டு இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் இருந்தார். பத்தடிக்குப் பதினைந்தடி. ஆன செலவு 28 டாலர், பன்னிரண்டரை சென்ட்! அரை சென்ட்டைக்கூட விடாமல் கணக்கு எழுதி வைத்த மனிதர்.

மேஜை மேல் மூன்று சுண்ணாம்புக் கற்களை அழகுக்காக வைத்திருந்தாராம். தினமும் அதைத் தூசி தட்ட வேண்டியிருக்கிறதே என்று பயந்து, மூன்றையும் ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்துவிட்டார். ஷோகேஸ் பொம்மைகளை மாதா மாதம் இறக்கித் துடைத்து ஏற்றுகிறவர்களுக்கு அந்த மனிதர்மேல் உடனே ஒரு பிரியம் வந்துவிடும். எனக்கும் வந்தது.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. துணி துவைப்பதும் கிழிசல் தைப்பதும் பெரும்பாலும் வெளியில்தான் நடந்தது, அதற்குப் பில் இன்னும் வந்து சேரவில்லை என்று அவரே குறித்திருக்கிறார். வெளியில் என்றால் எங்கே? அவருடைய அம்மாவும் சகோதரிகளும் இருந்த வீடு நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தது. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்! எளிய வாழ்க்கை என்று யார் சொன்னாலும், 'அழுக்குத் துணி எங்கே போகிறது?' என்று ஒரு பெண் முதலில் கேட்டுவிடுவது நல்லது.

டாக்டர் வீட்டில் படித்த கட்டுரை

இந்தக் கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்ன ஒருத்தி உண்டு. டீ வில்லியம்ஸ் என்று பெயர். ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரில் மூன்று படுக்கையறை வீட்டுக்குச் சொந்தக்காரி. நாற்பது வயதைத் தாண்டிய சமயம், ஒருநாள் கடையில் மயங்கி விழுந்தாள். இருதயம் பலவீனம் என்றார்கள். மிச்சமிருக்கும் காலத்தையும் கடன் தவணைக்கும் கூரை ரிப்பேருக்குமா கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவள், டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது ஒரு பத்திரிகையைப் புரட்டினாள். ஜே ஷாஃபர் என்பவர் அயோவா மாநிலத்தில் கட்டிக்கொண்ட, நூறு சதுர அடிக்கும் குறைந்த வீட்டைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. (பத்திரிகை படிப்பதால் என்ன பிரயோஜனம் என்று வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.)

நேரில் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். 2004-ல் சுத்தியலும் ரம்பமுமாக, சக்கரத்தின் மேல் 84 சதுர அடியில் ஒரு மரவீடு கட்டினாள். சுமார் பத்தாயிரம் டாலர் ஆனது. பெரிய வீட்டை விற்றுவிட்டு, வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியா நகரில் நண்பர்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். கடன் இல்லை. கைக்கு நேரம் வந்தது. பக்கத்திலிருந்த வயதான அம்மாளுக்கு ஒத்தாசையாக இருந்தாள். பிறகு 2014-ல் இந்தக் கதையைப் புத்தகமாகவும் எழுதினாள்.

சரி, குளிப்பது எங்கே? அவள் வீட்டில் குளியலறை கிடையாது. நண்பர்கள் வீட்டில்தான் குளியல். அதை அவள் மறைக்கவில்லை. அக்கம்பக்கத்தை நம்பித்தான் என் சின்ன வீடு நிற்கிறது என்று சந்தோஷமாகவே ஒப்புக்கொள்கிறாள். தனி ஒருத்திக்கு அது சரிப்பட்டது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று வைத்திருப்பவள் என்ன செய்வாள்?

பரணில் ஒரு படுக்கை

அந்த வீட்டுக்குள் மனசால் ஒருநாள் குடித்தனம் நடத்திப் பாருங்கள். தெருவில் இழுத்துப் போக வேண்டும் என்பதால் அகலம் எட்டரை அடிக்கு மேல் போகாது. உயரம், சக்கரத்தோடு சேர்த்துப் பதிமூன்றரை அடி. பெருக்குவது ஐந்து நிமிஷ வேலை. 'அட, துடைக்கத் தரையே இல்லையே!' என்று முதல் வாரம் குதூகலமாக இருக்கும். படுக்கை பரணில். விரிப்பை மாற்ற வேண்டுமானால் மண்டியிட்டு, தலை கூரையில் இடிக்காமல், நாம் உட்கார்ந்திருக்கும் மெத்தைக்கே உறை போட வேண்டும். ராத்திரி குழந்தை அழுதால் தூக்கக் கலக்கத்தில் குழந்தையோடு ஏணியில் இறங்க வேண்டும். தவழும் குழந்தைக்கு அந்த ஏணி இன்னும் ஆபத்து. நடக்கத் தெரியுமுன்பே ஏறத் தெரிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டே!

சமையலும் அப்படித்தான். சின்ன இடத்தில் கொதிக்கிற தண்ணீரின் ஆவியும், இத்தனை பேர் விடும் மூச்சின் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த ஜன்னலிலும் சுவரிலும் நீராகக் கோத்துக்கொள்ளும். காற்றை வெளியே தள்ளும் விசிறி வைக்காவிட்டால் மெத்தைக்கு அடியில் பூஞ்சணம் பிடித்துவிடும். குழந்தைகளுக்கு இளைப்பும் இருமலும் வர அதுவே போதும். கேஸ் அடுப்பு வைத்தால் காற்றோட்டம் உயிர்ப் பிரச்னை. கார்பன் மோனாக்ஸைடுக்கு எச்சரிக்கை மணியும் கட்டாயம் வேண்டும். சாமான் வாங்கிச் சேர்த்து வைக்க அலமாரி இல்லை, ஆகவே கடைக்கு அடிக்கடி நடை. துவைக்கும் மெஷினுக்கு இடமில்லையா? காசு போட்டுத் துவைக்கும் பொது லாண்டரிக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அழகான புகைப்படங்களில் இதெல்லாம் விழுவதில்லை.

கடன் குறைந்த நிம்மதி பெரிய நிம்மதிதான். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பெருக்குவதில் மிச்சப்பட்ட நேரம் லாண்டரி மூட்டையில் போய்விடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டை எப்போதும் ஒரே ஆள் தோளில் ஏறினால், அந்த ஆளுக்கு எளிமை எங்கே வந்தது?

சேர்த்து வைத்த வசதி

அதே ஒலிம்பியா நகரில், 2013 டிசம்பரில், வீடில்லாமல் கூடாரங்களில் இருந்தவர்களுக்காக 'கிஹோட்டே வில்லேஜ்' என்று ஒரு குடியிருப்பு திறந்தார்கள். ஆளுக்கு 144 சதுர அடியில் முப்பது குடில்கள். சமையலறை, குளிக்கும் வசதி, துவைக்கும் இடம் எல்லாம் நடுவில் ஒரு பொதுக் கட்டடத்தில். வீட்டைச் சின்னதாக்கும்போது வெளியே தள்ளப்பட்ட வேலைக்கெல்லாம் முதலிலேயே ஓர் இடம் ஒதுக்கிவிட்டார்கள். பணமுள்ளவர்கள் பலருக்குத் தோன்றாத யோசனை!

குழந்தை குட்டிக்காரர்களுக்கு என் ஓட்டு வேறு ஊருக்கு. வாஷிங்டன் மாநிலத்திலேயே விட்பி தீவில் லாங்லி என்று ஒரு சிற்றூர். 1995-ல் அந்த ஊர்ச் சபை, சிறிய வீடுகளை நெருக்கமாகச் சேர்த்துக் கட்ட அனுமதிக்கும் விதி ஒன்று கொண்டுவந்தது. அதன்படி ராஸ் சேபின் என்ற கட்டடக் கலைஞர் 1998-ல் எட்டு வீடுகள் அமைத்தார். பரணையும் சேர்த்து ஒவ்வொன்றும் ஆயிரம் சதுர அடிக்குள். நடுவில் பொதுத் தோட்டம். கார்கள் எல்லாம் ஓரமாக. வீடுகள் தோட்டத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. புழங்கும் அறையிலிருந்தே வெளியே யார் இருக்கிறார்கள் என்று தெரியும். அதே 1998-ல் சாரா சுசாங்கா என்ற கட்டடக் கலைஞர் அம்மையார் எழுதிய புத்தகமும் நடைமுறைக்கு ஒத்ததையே சொன்னது: எப்போதோ வரும் விருந்தாளிக்காகத் தனிக் கூடமும் சாப்பாட்டு அறையும் கட்டாதீர்கள், நினைத்ததைவிட மூன்றில் ஒரு பங்கு சின்னதாகக் கட்டி, மிச்சப் பணத்தைத் தினமும் புழங்கும் இடத்துக்குச் செலவழியுங்கள் என்று.

எதை எறிவது?

சாமான்களைக் கழிக்கும் வேகத்தில் சிலர் கணக்குப் போட்டே வாழ்கிறார்கள். இத்தனை பொருளுக்கு மேல் கூடாதாம். இதில் ரிச்சர்ட் கிரெக் சொன்ன ஒரு கதை எனக்குப் பிடிக்கும். 'தாமாக ஏற்கும் எளிமை' என்று 1936-ல் கட்டுரை எழுதிய அமெரிக்கர் அவர். முன்னதாக இந்தியாவுக்கு வந்து காந்திஜியோடு பழகியவர். எல்லாவற்றையும் விட்டுவிடலாம், புத்தகங்களை மட்டும் விட மனசு வரவில்லையே என்று மகாத்மாவிடமே முறையிட்டாராம். அப்படியானால் விடாதீர்கள், மனசுக்குத் துணையாக இருக்கிற வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம் காந்திஜி. பாட்டி கொடுத்த வெண்கலப் பானையை என்ன செய்வது என்று தவிக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு எங்கே கிடைக்கும்?

சட்டமும் மெல்ல மெல்ல இளகி வருகிறது. முதலில் சின்ன வீடுகளுக்குச் சக்கரம் முளைத்ததே, இவ்வளவு சிறிய வீடு கட்டக்கூடாது என்ற விதிகளை ஏமாற்றத்தான். கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரம் 2016-லேயே, சக்கர வீட்டையும் கொல்லைப்புறத் துணை வீடாக வைத்துக்கொள்ள அனுமதித்தது. 2018-ல் வந்த மாதிரிக் கட்டட விதித் தொகுப்பில், 400 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கென்றே ஓர் இணைப்பு சேர்ந்தது. பரணுக்கும் ஏணிக்கும்கூட அதில் அளவு உண்டு. இப்படி வரும் கொல்லைப்புற வீடுகளில் பலர் வயதான தாயைக் குடிவைத்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்குத் தனி அடுப்பு, தனி வாசல். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மகள்.

டீ வில்லியம்ஸ் பத்திரிகையில் பார்த்த அந்த ஷாஃபர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? கல்யாணம் ஆயிற்று, பிள்ளையும் பிறந்தது. குடும்பத்தோடு சுமார் 500 சதுர அடி வீட்டுக்குக் குடிபோனார்.