ஊரறிந்த வங்கி

1904 அக்டோபர் 31 அன்று கும்பகோணம் பேங்க் லிமிடெட் பதிவானது. இரண்டே ஆண்டில் சென்னையில் அர்பத்நாட் வங்கி திவாலாகி, ஏராளமானோரின் சேமிப்பை விழுங்கியது. கும்பகோணத்து வங்கி நிலைத்தது.

அது அவசரப்படவில்லை. தஞ்சை மாவட்டத்துக்குள் முகவர்களை வைத்தே முதலில் தொழில் நடத்தியது. மன்னார்குடியில் முதல் கிளை திறந்தது 1930 ஜனவரியில்தான். பிறகு நாகப்பட்டினம், சன்னாநல்லூர், அய்யம்பேட்டை, திருக்காட்டுப்பள்ளி, திருவாரூர் என்று டெல்டா ஊர்களாகவே பார்த்துப் போனது.

இந்த நிதானத்துக்குப் பொருள் உண்டு. டெல்டாவில் பணம் பருவத்தோடுதான் நகரும். நடவுக்குக் கூலி வேண்டும், உரம் வாங்க வேண்டும். சம்பா அறுவடையானால்தான் விவசாயி கையில் காசு. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்காத ஆண்டில் குறுவைக் கணக்கே மாறிவிடும். தவணை தவறியவர் ஏமாற்றுகிறாரா, வாய்க்காலில் தண்ணீர் வராமல் தவிக்கிறாரா? விண்ணப்பப் படிவம் இதைச் சொல்லாது. ஊரையும் வயலையும் அறிந்த மேலாளரே சொல்ல முடியும்.

1987-ல் அதன் பெயர் சிட்டி யூனியன் வங்கி ஆனது. இன்று நாடெங்கும் கிளைகள் உள்ளன. தலைமை அலுவலகம் மட்டும் கும்பகோணத்தை விட்டு நகரவில்லை. செல்பேசியிலேயே கடன் கிடைக்கும் இக்காலத்திலும், விவசாயி நேரில் வந்து பேச ஒரு மேலாளர் இருக்க வேண்டும். அந்த நாற்காலியை எந்த வங்கியும் காலி செய்துவிடக் கூடாது.