இரைப்பையில் இரண்டாவது அறுவை

படிவம் 4 உயிரியல் வகுப்பில் செரிமான மண்டலம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். “டீச்சர், என் பாட்டிக்கு அந்தக் காலத்தில் அல்சருக்காக ஆபரேஷன் செய்து பாதி இரைப்பையை எடுத்துவிட்டார்களாம். இப்போது உடல் பருமன், இனிப்பு நீர் இரண்டும் உண்டு. எடை குறைக்கும் அறுவை செய்ய முடியுமா?”

நல்ல கேள்வி. அந்த அறுவையின் ஒரு முக்கிய வகை பிறந்ததே இப்படிப்பட்ட நோயாளிகளால்தான். அல்சருக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்களுக்கு எடை எளிதில் கூடுவதில்லை என்பதை அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக மருத்துவர் எட்வர்ட் மேசன் கவனித்தார். 1966இல் பருமனுக்கென்றே இரைப்பை மாற்றுவழி அறுவையைச் செய்தார்.

ஆனால், ஏற்கெனவே கத்தி பட்ட வயிற்றில் மறுபடி வேலை செய்வது கடினம். பாடநூல் படத்தில் இரைப்பை தனியாக, சுத்தமாகத் தெரியும். உள்ளே அப்படி இருக்காது. நம் வயிற்றறையின் உட்சுவரையும் உறுப்புகளையும் வழவழப்பான மெல்லிய உறை மூடியிருக்கிறது. அது காயப்பட்டால் ஃபைப்ரின் என்னும் பசை போன்ற புரதம் படியும். சில நாளில் அது கரைய வேண்டும். கரையாவிட்டால் அங்கே தழும்புத் திசு வளர்ந்து, இரைப்பையைக் கல்லீரலோடும் குடலைச் சுவரோடும் ஒட்டிவிடும். மருத்துவர் முதலில் இதைப் பொறுமையாகப் பிரிக்க வேண்டும். கை தவறினால் குடலில் ஓட்டை விழும்.

அதைவிடப் பெரிய சிக்கல் இரத்த ஓட்டம். இரைப்பைக்குப் பல தமனிகள் இரத்தம் தருகின்றன. முதல் அறுவையில் அவற்றில் சிலவற்றைக் கட்டி வெட்டியிருப்பார்கள். எஞ்சிய இரைப்பை மீதித் தமனிகளை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. இன்று பரவலாகச் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ அறுவையில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கை நீக்கி, வாழைப்பழம் போன்ற குழாயாக்குவார்கள். அப்போது இன்னும் சில தமனிகள் போகும். இரத்தம் போதாவிட்டால் தையல் ஆறாமல் பிரிந்து, அமிலமும் உணவும் வயிற்றறைக்குள் கசியும். அது உயிருக்கே ஆபத்து.

வைட்டமின் பி12ஐ உறிஞ்ச உதவும் புரதமும் இரைப்பையில்தான் சுரக்கிறது. இரைப்பை மேலும் சுருங்கினால் இரத்தசோகை வரலாம். ஊசியோ மாத்திரையோ வாழ்நாள் முழுக்கத் தேவைப்படலாம்.

அப்படியானால் முடியாதா? பலருக்கு முடியும். முதலில் எண்டோஸ்கோப்பி, சிடி ஸ்கேன் மூலம் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு எந்த வகை அறுவை பொருந்தும், அல்லது மருந்தே போதுமா என முடிவெடுப்பார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவர் கேட்பது ஒன்றுதான்: முதல் அறுவையில் எதை வெட்டி, எதை எதோடு இணைத்தார்கள்? பாட்டிக்கு அது நினைவில்லையாம். வீட்டு அலமாரியில் பழைய மருத்துவமனைக் கடிதம் ஏதும் இருக்கிறதா எனத் தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.