செப்பேட்டை மேற்கோள் காட்டுதல்: மட்டாஞ்சேரிச் சான்று

1. சமூக அறிவியல் ஆய்வுகளில் பெருவழக்காக உள்ள மேற்கோள் முறை, ஆசிரியர் பெயரையும் வெளியீட்டு ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தருவதாகும். ஒரு நூலுக்கு ஆசிரியரும் ஆண்டும் ஐயமின்றித் தெரியும் என்பதே இதன் அடிப்படை. கல்வெட்டு, செப்பேடு ஆகிய மூலங்களுக்கு இவ்வடிப்படை பொருந்துவதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக் கூடத்தைச் சார்ந்த செப்பேடு இதற்குத் தக்க சான்றாகும்.

2. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் வழங்கியதை இவ்வட்டெழுத்துச் செப்பேடு கூறுகிறது. இதில் சகம், கொல்லம் முதலிய தொடராண்டுகள் எவையும் இல்லை. இரண்டாம் ஆண்டுக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு என்னும் ஆட்சியாண்டுக் குறிப்பே உள்ளது. யூதர் மரபு இதனைக் கி.பி. 4ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளும். எம்.ஜி.எஸ். நாராயணன் (1972) கி.பி. 1000 எனக் கணித்தார். ஹுல்ட்ஷ் இதனை எபிகிராபியா இண்டிகா மூன்றாம் தொகுதியில் (1894-95) பதிப்பித்தார்.

3. 'ஹுல்ட்ஷ் 1894-95' என்று மட்டும் குறித்தால் பதிப்பாசிரியரே மூலத்தின் ஆசிரியராகத் தோன்றுவார். 'பாஸ்கர ரவிவர்மன் 1000' என்று குறித்தால் ஓர் ஆய்வாளரின் கணிப்பு மூலத்தின் கூற்றாகிவிடும். இரு காலக் கணிப்புகளுக்கும் இடையே ஏறத்தாழ அறுநூறு ஆண்டு வேறுபாடு உண்டு. மேலைக் கடற்கரை வணிகக் குடியேற்றத்தின் தொன்மை பற்றிய வாதம் இவ்வேறுபாட்டைச் சார்ந்தே நிற்பதால், இது வெறும் அச்சு வடிவச் சிக்கல் அன்று.

4. எனவே மூலம், பதிப்பு, காலக் கணிப்பு ஆகிய மூன்றையும் பிரித்துக் குறித்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக: (பாஸ்கர ரவிவர்மன் யூதர் செப்பேடு, ஆட்சியாண்டு 2 எதிர் 36, பதிப்பு: ஹுல்ட்ஷ் 1894-95, காலம்: கி.பி. 1000, நாராயணன் 1972). முதலாவது செப்பேடு தருவது. இரண்டாவது வாசகத்தைப் படித்தவரைச் சுட்டுவது. மூன்றாவது மறுக்கத்தக்க கருத்து. பின்னர் வேறு கணிப்பு ஏற்கப்படின் மூன்றாம் உறுப்பை மட்டும் மாற்றினால் போதும்.

5. மொழிபெயர்ப்பாளர்க்கு நான்காவது உறுப்பு ஒன்றும் தேவைப்படும். 'அஞ்சுவண்ணம்' என்பதனை ஓர் இடப்பெயராகக் கொண்டோரும், ஐவகைக் கம்மாளரைக் குறிப்பதாகக் கொண்டோரும், வணிகக் குழுவாகக் கொண்டோரும் உளர். செப்பேட்டின் மொழியைத் தமிழ் என்பாரும் பழைய மலையாளம் என்பாரும் உளர். ஆகவே மூலச் சொல்லை எழுத்துப்பெயர்ப்பாக நிறுத்தி, பொருளை அதனைக் கூறியவர் பெயருடன் தருதலே முறையாகும். செப்பேடு சொல்வது எது, அதன்மேல் ஆய்வாளர் சொல்வது எது எனப் படிப்பவர் பிரித்தறிய உதவுவதே மேற்கோளின் பயன் எனலாம்.